இரண்டு கல்லறைக்காரி

பொறாமை பாவம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எட்டு வயதில் ஞானோபதேச வகுப்பில் தலையான பாவங்கள் ஏழையும் மூச்சுவிடாமல் ஒப்பித்து ஒரு செபமாலை பரிசு வாங்கியவள் நான். தெரிந்துகொண்டேதான் பட்டேன். அடுத்தவள் வீட்டைப் பார்த்தோ நகையைப் பார்த்தோ பட்டிருந்தால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வாயாவது வந்திருக்கும். நான் பட்டது ஒரு கல்லறையைப் பார்த்து. அதை எந்தப் பாதரிடம் போய்ச் சொல்வது? சிரித்துவிடுவார்.

அந்தக் கல்லறையின் சொந்தக்காரி பெயர் செல்லத்தங்கம். அவளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நல்லபடியாக மட்டுமே எழுதுவேன் என்று சத்தியம் எல்லாம் பண்ணமாட்டேன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். நேரில் 'அக்கா' என்று கூப்பிடுவேன். மனதுக்குள் 'அவள்'தான்.

அவளுடைய ஊர் திருக்கோவில் பக்கம். வயல் செய்த குடும்பம், சைவம். சண்டை முடிந்த அடுத்த வருஷம் புருஷன் அழகரெத்தினமும் அவளும் இரண்டு பைகளோடு கல்முனைக்கு வந்து, எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். அழகரெத்தினம் அரிசி ஆலையில் மூட்டை நிறுத்தார். அவள் இடியப்பம் அவித்தாள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள சாப்பாட்டுக் கடைகளுக்கு விடிய அவளுடைய இடியப்பம்தான் போகும். ஒரே ஒரு மகன். மகன் எங்கே அக்கா என்று கேட்டால், "கட்டாரில" என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் கேட்டால் இடியப்ப உரலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். எவ்வளவு பெருமை பார் என்று நான் நினைத்தேன்.

எங்கள் ஊரில் முஸ்லிம் ஆட்களும் சைவ ஆட்களும்தான் நிறைய. வேதக்காரர் நாங்கள் ஒரு கைப்பிடி. அதனால் கோயிலுக்குப் புதிதாக யார் வந்தாலும் தெரிந்துவிடும். செல்லத்தங்கம் வந்த இரண்டாம் வருஷத்திலிருந்து, இடியப்ப வேலை முடிந்து பத்து மணிக்கு, யாருமில்லாத நேரத்தில் கோயிலுக்குள் வந்து உட்காரத் தொடங்கினாள். பீடத்துக்கு முன்னால் போகமாட்டாள். பின்பக்கச் சுவரோடு வியாகுல மாதாவின் சுரூபம் ஒன்று இருக்கிறது. செத்த மகனை மடியில் கிடத்திக்கொண்டு இருக்கிற மாதா. அதற்கு முன்னால் உட்கார்ந்து முணுமுணுப்பாள். கோயில் கூட்டுகிற மனுஷன் சொன்னான், "அந்தப் பொம்பிள கும்பிடல்ல, யாரையோ ஏசுது" என்று. நாங்கள் நம்பவில்லை.

இரண்டு வருஷம் அப்படி முணுமுணுத்துவிட்டு ஞானஸ்நானம் எடுத்தாள். அழகரெத்தினமும் எடுத்தார். அதே வருஷம் ஒரு உதவி நிறுவனம் கட்டிக்கொடுத்த வீடுகளில் ஒன்று அவர்களுக்குக் கிடைத்தது. அந்த வீட்டுக்கு நானும் விண்ணப்பம் போட்டிருந்தேன். "வீட்டுக்காக வேதத்துக்கு வந்தவ" என்று ஒரே ஒரு ஆளிடம்தான் சொன்னேன். மூன்று நாளில் ஊர் முழுக்கத் தெரிந்தது. அந்த ஒரு ஆள் யார் என்று கேட்காதீர்கள்.

அதற்குப் பிறகு அவளுக்கு என்ன மதிப்பு! பிறந்த எட்டாம் நாளே ஞானஸ்நானம் பெற்ற நான் கோயிலில் பாய் விரிக்கிறேன். நேற்று வந்தவள் செபமாலை முன்னெடுக்கிறாள். செத்த வீடு என்றால் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் போய் அழுகிறவளுக்குப் பக்கத்தில் சும்மா இருப்பாள். ஆறுதல்கூடச் சொல்லமாட்டாள், கையைப் பிடித்துக்கொண்டு இருப்பாள், அவ்வளவுதான். அதற்கே சனம் தலையில் தூக்கி வைத்து ஆடியது. முன்னால் முளைத்த காதைவிடப் பின்னால் முளைத்த கொம்பு பெரிது என்று சும்மாவா சொன்னார்கள்.

என் கதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என் எரிச்சல் உங்களுக்கு விளங்காது. என் பெயர் றெஜினா. என் வீட்டுக்காரர் ஒலுவில் துறைமுகத்திலிருந்து நாட்கணக்கில் ஆழ்கடலில் தங்குகிற மீன்பிடிப் போட்டில் வேலை செய்தவர். அவருடைய பெயரைச் சொல்லமாட்டேன். கட்டின நாளிலிருந்து என் வாயால் சொன்னதில்லை. "இஞ்ச பாருங்க" என்றால் திரும்புவார். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு வைகாசியில் ஆறு பேராகப் போனார்கள். பதினேழாம் நாள் பக்கத்துப் போட்டுக்குச் செய்தி வந்தது, மெசின் நின்றுவிட்டது, நீரோட்டம் இழுக்கிறது என்று. அதுதான் கடைசி. கடற்படை தேடியது, மற்றப் போட்டுகள் தேடின. ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. பிறகு ஒருத்தர் மாலைதீவில் கண்டதாகச் சொன்னார். இன்னொருத்தர் அந்தமானில் பிடித்து மறியலில் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்றார். யாரோ ஒருத்தர் சொன்ன பேச்சில் ஒரு மனுஷி ஏழு வருஷம் சீவிக்கலாம். நான் சீவித்தேன். தாலியைக் கழற்றவில்லை. அவர் உடுத்த சறத்தை வருஷத்துக்கு நாலு தரம் தோய்த்துக் கொடியில் காயவைத்தேன்.

ஒக்டோபர் கடைசியில் கோயில் வாசலில் ஒரு பெட்டி வைப்பார்கள். செத்தவர்களின் பெயரைத் துண்டில் எழுதி அதில் போட வேண்டும். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு அந்தப் பெயர்களை எல்லாம் பூசையில் வாசிப்பார்கள். ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருத்தர் என்னிடம் ஒரு துண்டை நீட்டுவார்கள். என் மகள் யதுசாவும் கேட்பாள், "அம்மா, இந்த வருஷமாவது அப்பாட பேரைக் குடுங்களன்" என்று. "கொப்பர் செத்திட்டார் எண்டு உனக்குக் கடல் வந்து சொன்னதா?" என்று பாய்வேன். பெயரைக் கொடுத்தால் நானே அவரைக் கொன்ற மாதிரி. கொடுக்காவிட்டால் அவர் உண்மையில் செத்திருந்தால், ஒரு செபமும் இல்லாமல் அந்த ஆத்துமா தண்ணீரில் அலையும். இரண்டுக்கும் நடுவில் நின்று நான் காய்ந்துகொண்டிருந்தேன்.

அப்படி இருக்கும்போது, மூன்று வருஷத்துக்கு முன்னால் அழகரெத்தினம் நெஞ்சு நோவில் செத்துப் போனார். நான் செத்த வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்கிறேன், அவள் அழுகிறதைப் பார்க்கத்தான் போனேன். அழுதாள். மாரில் அடித்து, ஊர் முறைப்படி ஒப்பாரி சொல்லி, தலை விரித்து அழுதாள். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. ஆனால் சவக்காலையில் பெட்டியை இறக்கி, அவள் ஒரு பிடி மண் எடுத்துப் போட்டபோது அவளுடைய முகத்தைப் பார்த்தேன். தலையில் இருந்த நெல் மூட்டையை இறக்கி வைத்த முகம். அந்தக் கணத்திலிருந்து எனக்கு வயிறு எரியத் தொடங்கியது. ஒரு பிடி மண். எனக்கு யார் தந்தது ஒரு பிடி மண்?

எங்கள் சவக்காலை கடலுக்குக் கிட்ட, மணலில் இருக்கிறது. செல்லத்தங்கம் புருஷனுக்குக் கறுப்புக் கல்லில் கல்லறை கட்டினாள், படமும் பதித்து. கட்டார்க் காசு என்றோம். தகப்பன் செத்ததற்குக்கூட வராத மகன் கல்லுக்கு மட்டும் காசு அனுப்புகிறானாக்கும் என்று நான் ஒரு சொல் கூடுதலாகச் சொன்னேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பின்னேரம் நாலு மணிக்கு ஒரு சின்னச் சிவப்புப் பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுபோவாள். இரண்டு கோப்பை. ஒன்றை ஊற்றிக் கல்லறை மேல் வைப்பாள். மற்றதைத் தான் குடிப்பாள். குடித்துக்கொண்டே அழகரெத்தினத்தோடு கதைப்பாள், கடைக்காரன் சல்லி தராமல் இழுத்தடிக்கிறதிலிருந்து மழைவரைக்கும். பிறகு கல்லில் இருக்கிற கோப்பையையும் எடுத்துத் தானே குடித்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு எழும்புவாள். பெண்டாட்டி புருஷனோடு உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிறதைப் பார்த்து எரிச்சல்படுகிற மனுஷி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன், அதுவும் புருஷன் செத்த பிறகு.

இதை நான் எப்படிப் பார்த்தேன் என்று கேட்பீர்கள். நானும் அங்கே போவேன். கல்லறை இல்லாதவளுக்கு அங்கே என்ன வேலை? சொல்கிறேன், இதுவும் பாவசங்கீர்த்தனம்தான்.

சவக்காலையின் கடல் பக்கத்து மூலையில், ஒரு பூவரச மரத்துக்குக் கீழே, பெயரில்லாத ஒரு கல்லறை இருக்கிறது. சுனாமி அந்த வரிசைச் சிலுவைகளை எல்லாம் பிடுங்கி எறிந்தது. மற்றவற்றுக்கு ஆட்கள் இருந்தார்கள், திரும்ப நட்டார்கள். இதற்கு ஒருத்தரும் வரவில்லை. அவருடைய போட்டு காணாமல் போன அந்த வருஷக் கல்லறைத் திருநாளில் கையில் மெழுகுதிரியோடு எங்கே கொளுத்துவது என்று தெரியாமல் நின்றேன். சனம் எல்லாம் தங்கள் தங்கள் ஆட்களின் தலைமாட்டில். நான் மட்டும் நடுவழியில். யாரும் பார்க்காத மாதிரி அந்த மூலைக்குப் போய்க் கொளுத்தினேன். அடுத்த வருஷம் புல்லுப் பிடுங்கினேன். அதற்கு அடுத்த வருஷம் மணல் வாரிப் போட்டேன். மெல்ல மெல்ல அது என்னுடையதாகிவிட்டது. ஆனால் பாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரிசையாக வரும்போது நான் எழும்பி வேறு பக்கம் போய்விடுவேன். அவர் ஒவ்வொரு கல்லறையிலும் நின்று பெயரைக் கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லிச் செபிப்பார். என்னிடம் கேட்டால் நான் என்ன சொல்ல?

இந்த வருஷம் ஒக்டோபர் கடைசியில், கல்லறை துப்புரவாக்குகிற கிழமையில், மண்வெட்டியும் வாளியுமாகப் போனேன். போய்ப் பார்த்தால் என் கல்லறை துப்புரவாகக் கிடக்கிறது! புல்லு இல்லை. புது மணல். சுற்றிச் சிப்பி பதித்து, சுண்ணாம்பும் அடித்துக் கிடக்கிறது. புருஷனுடைய சட்டையில் வேறு பெண்ணின் பவுடர் வாசனை பிடித்தவள் மாதிரி நின்றேன். எவள் அவள்?

அடுத்த நாள் வேலைக்குப் போகாமல் மதிலுக்கு வெளியே வேலி மரத்தடியில் நின்றேன். நாலரை மணிக்கு வந்தாள். செல்லத்தங்கம். கறுப்புக் கல்லுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேரே பூவரசடிக்குப் போய்க் குந்தினாள்.

நான் உள்ளே போன வேகத்தில் செருப்பு மணலில் கழன்றுவிட்டது.

"என்னக்கா செய்யிறீங்க இதில?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். "சிப்பி வைக்கிறன்."

"இது நான் பாக்கிற கல்லறை. ஏழு வருஷமா பாக்கிறன்."

"தெரியும்" என்றாள்.

தெரியுமாம்! "தெரிஞ்சும் கை வைக்கிறீங்களோ?"

"எனக்கும் இது வேணும் றெஜினா." அவ்வளவுதான் சொன்னாள். ஏன் என்று சொல்லவில்லை. நான் ஏசிய ஏச்சுக்குப் பூவரசிலிருந்த காகமும் எழும்பிப் பறந்தது. அவள் குனிந்து சிப்பி வைத்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த நாள் வேலைக்குப் போயும் ஆத்திரம் அடங்கவில்லை. நான் கல்முனைக் கடைத்தெருவில் பாஹிமா ராத்தாவின் தையல் கடையில் அபாயா தைக்கிறேன். ராத்தாவின் தம்பி இஹ்ஸானும் அந்தப் போட்டில் போன ஆறு பேரில் ஒருத்தன். அந்த ஒரு சொந்தத்தில்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது. நான் மெசினை மிதித்த மிதியில் ஊசி முறிந்தது. இரண்டாம் ஊசியும் முறிந்தது.

"என்ன புள்ள, மெசினோட என்ன கோவம்?" என்றார் ராத்தா. எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அல்லாஹ்வே! மையத்துக்கு ஒரு சக்களத்திச் சண்டையா? அதுவும் ஆருட மையத்து எண்டே தெரியாம!"

"சிரிக்காதீங்க ராத்தா. அவக்கு ஒண்டு இருக்கு. கறுப்புக் கல்லில. எனக்கிட்ட இருந்த ஒண்டையும் பறிக்கிறா. இரண்டு கல்லறைக்காரி!"

ராத்தா சிரிப்பை நிறுத்தினார். கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "இஹ்ஸானுக்கு நாங்க நாலு வருஷம் பார்த்தம். மறுகா பள்ளியில காயிப் ஜனாஸா தொழுதாங்க. மையத்து இல்லாமத் தொழுற தொழுகை. அண்டைக்குத்தான் எங்கட உம்மா ஒழுங்காச் சோறு திண்டா. அவன்ட பொஞ்சாதி இத்தா இருந்து, நாலு மாசம் பத்து நாள் அழுது, ஒழும்பிட்டாள்."

"தெரியும்" என்றேன். அந்தப் பெண்மீதும் எனக்கு எரிச்சல் இருந்தது. அவளுக்கு நாளைக் குறித்துக் கொடுத்தார்கள், இத்தனை நாள் அழு, பிறகு எழும்பு என்று. எனக்கு யாரும் குறித்துக் கொடுக்கவில்லை.

"உனக்கு அந்தப் பொம்பிளையில கோவமில்ல புள்ள. உனக்குப் பேர் சொல்லப் பயம்" என்றார் ராத்தா. நான் மூன்றாவது ஊசியைக் கோத்தேன். பாஹிமா ராத்தாவுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வந்தது. பின்னேரம் நாலு மணிக்குத்தான் சவக்காலையில் செபம். நான் மூன்று மணிக்கே போனேன், இடம் பிடிக்க. ஒரு பெட்டி மெழுகுதிரி, ஒரு பை மல்லிகை. போனால், அவள் எனக்கு முந்தியே அங்கே உட்கார்ந்திருக்கிறாள், சிவப்புப் பிளாஸ்கோடு.

"எழும்புங்க" என்றேன்.

"நீயும் இரு."

"எழும்புங்க அக்கா! உங்களுக்கு என்ன குறை? புருஷன் கறுப்புக் கல்லுக்குக் கீழ படமும் போட்டுப் படுத்திருக்கார். மகன் கட்டாரில உழைக்கிறான். வீடு வந்தது. கோயிலில முன்வாங்கில இடம் வந்தது. எனக்கு என்ன இருக்கு சொல்லுங்க? இந்த ஒரு மண் குவியல். இதையும் எடுக்கப் போறீங்களோ? ஆண்டவரும் உங்களுக்கு மட்டுந்தான் வந்து ஆறுதல் சொல்லுவாரோ?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மகன் கட்டாரில இல்ல" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"பவிதரனை ரெண்டாயிரத்தி எட்டில, அக்கரைப்பற்றுக்கு வயலுக்குப் பசளை வாங்கப் போன இடத்தில, ஒரு வெள்ளை வான் ஏத்திக்கொண்டு போச்சு. பத்தொம்பது வயசு. போகாத முகாம் இல்ல, குடுக்காத மனு இல்ல. இவர்தான் சொன்னார், ஊர் மாறுவம், கேட்டா கட்டார் எண்டு சொல்லு, செத்திட்டான் எண்டு மட்டும் என்ட காதில விழப்படாது எண்டு. இவர் இருக்கும்வரைக்கும் அப்பிடியே சொன்னன். கல்லறைக் கல்லு இடியப்பம் வித்துக் கட்டினது."

நான் மணலில் உட்கார்ந்தேன்.

"அப்ப அந்த மாதா..." என்று ஏதோ உளறினேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

செல்லத்தங்கம் சிரித்தாள். "நான் அவவைக் கும்பிடப் போகல்ல. சண்டை பிடிக்கப் போனன். வெளியால நிண்டு பார்த்தன், சுவரோட ஒரு தாய், செத்த மகனை மடியில வச்சுக்கொண்டு இருக்கிறா. எனக்குப் பத்திக்கொண்டு வந்திச்சு. உனக்கு மடியில கிடத்தவாவது கிடைச்சானேடி, எனக்கு அதுவும் இல்லையே எண்டு ரெண்டு வருஷம் ஏசினன். அவ்வளவு எரிச்சல். எங்கட ஊர்ச் சாமியிட்ட அப்பிடிக் கதைக்கப் பயம். இவ ஆரோ வேற வீட்டுத் தாய்தானே எண்டு வாய்க்கு வந்தபடி ஏசினன். ஏசி முடிஞ்ச ஒரு நாள் பார்த்தன், அவ அப்பிடியே இருக்கிறா. கோவிக்கல்ல. எழும்பிப் போகல்ல. என்னை விட்டுட்டு எழும்பிப் போகாதவ அவ ஒருத்திதான். அதுக்குப் பிறகுதான் ஞானஸ்நானம் கேட்டன்."

வீட்டுக்காக வேதத்துக்கு வந்தவ. என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"இவர் போய் மூண்டு வருஷம்" என்றாள் அவள். "இனி நானும் போனா அவன்ட பேரைச் சொல்ல ஆள் இல்ல. எனக்கு ஒரு இடம் வேணும், ஒருநாள் சொல்ல. நீ இந்தக் கல்லறையில ஆருக்குக் கொளுத்திறாய் எண்டு எனக்கு எப்பவோ விளங்கிட்டு. பேர் கேக்கிற நேரம் நீ எழும்பி ஓடுறதையும் பார்த்தன். உன்னட்டக் கேட்டுட்டுத்தான் செய்திருக்க வேணும். கேக்க வாய் வரல்ல."

அதற்குள் சனம் வந்துவிட்டது. கோயில் மணி கேட்டது. புதிதாக வந்த பாதர், இளம் ஆள், தீர்த்த வாளியோடு வரிசை வரிசையாக வந்தார். ஒவ்வொரு கல்லறையிலும் பெயர், தண்ணீர், செபம். எங்கள் வரிசைக்குத் திரும்பினார். என் கால் வழக்கம்போல எழும்பி ஓடத் தயாரானது. ஓடினால் கல்லறை அவளுடையது. அந்த ஒரு எண்ணம்தான் என்னைப் பிடித்து இருத்தியது. வேறு புண்ணியமான எண்ணம் எதுவும் இல்லை.

"இது ஆருட கல்லறை?" என்று பாதர் கேட்டார்.

செல்லத்தங்கம் எழுந்து நின்றாள். "பவிதரன்" என்றாள். "அழகரெத்தினம் பவிதரன். வயசு பத்தொம்பது."

சனத்துக்குள் ஒரு முணுமுணுப்பு ஓடியது. பாதர் பெயரைச் சொல்லி, நித்திய இளைப்பாற்றி கேட்டு, தண்ணீர் தெளித்தார். சுண்ணாம்பில் துளி துளியாக ஊறியது. நான் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். அதே முகம். மூட்டையை இறக்கி வைத்த முகம். இரண்டாம் தரம் அதை இவள் பெறுகிறாள், நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்!

பாதர் அடுத்த கல்லறைக்குத் திரும்பிவிட்டார். ஏழு வருஷம் நான் புல்லுப் பிடுங்கிய மண். அவளுடைய மகனுக்கு விழுந்த தண்ணீர் என் ஆளுக்கு விழாதா? கோவம் உச்சியில் ஏறிவிட்டது எனக்கு.

"பாதர், நில்லுங்க!" என்று கத்தினேன். சவக்காலை முழுக்கத் திரும்பியது. "இன்னும் ஒரு ஆள் இருக்கார்!"

பாதர் திரும்பி வந்தார். "பேரைச் சொல்லுங்க அம்மா."

வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. இருபத்திரண்டு வருஷம் சொல்லாத பெயர். மகள் யதுசா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "நான் சொல்றன் பாதர்..." என்று தொடங்கினாள்.

"நீ சொல்லாத!" என்றேன். "நான்தான் சொல்லுவன்."

செல்லத்தங்கம் என் கையைப் பிடித்தாள். ஒன்றும் சொல்லவில்லை. செத்த வீடுகளில் அவள் செய்கிற அதே வேலை. சனம் ஏன் அவளைக் கூப்பிட்டது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"நல்லரெத்தினம்" என்றேன். "சூசைப்பிள்ளை நல்லரெத்தினம். நாப்பத்தாறு வயசு. கடலுக்குப் போனவர் பாதர். வரல்ல."

பாதர் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னார். தண்ணீர் விழுந்தது. நான் மணலில் விழுந்து, ஏழு வருஷமாகத் தோய்த்துக் காயவைத்த சறத்துக்கும் சேர்த்து அழுதேன். யாரும் என்னைத் தூக்கவில்லை. தூக்கவும் கூடாது, அது என்னுடைய அழுகை.

எழும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. சனம் போய்விட்டது. யதுசா என் தலைமயிரைக் கட்டிவிட்டாள்.

"கடல் பக்கம் எங்களுக்கு" என்றேன் செல்லத்தங்கத்திடம்.

"எடு" என்றாள். தன்னுடைய திரிகளை மரத்துப் பக்கம் நகர்த்தி வைத்தாள். கடற்காற்றில் என் திரி மூன்று தரம் அணைந்தது. அவளுடையது மரத்து மறைவில் ஆடாமல் எரிந்தது. நான் அதை முறைத்துப் பார்த்ததை அவள் பார்த்திருக்க வேண்டும். எழும்பி வந்து கடலுக்கு முதுகைக் காட்டி என் பக்கம் உட்கார்ந்தாள். என் திரியும் பிடித்துக்கொண்டது.

"வெள்ளிக்கிழமை வருவியா?" என்று கேட்டாள். "உனக்கும் ஒரு கோப்பை கொண்டு வாறன்."

"ஏன், என்ட தேத்தண்ணிய எனக்கு ஊத்தத் தெரியாதோ?" என்றேன்.

அவள் மாதாவை ஏசிய மாதிரி நான் இன்னும் ஏசவில்லை. எனக்கு ஏச வேண்டியது வேறு கணக்கு, அதைத் தனியாகப் பேசிக்கொள்வேன். ஆனால் வியாழக்கிழமை பாஹிமா ராத்தாவிடம் ஒரு மணித்தியாலம் லீவு கேட்டுக்கொண்டு கடைத்தெரு முழுக்கத் தேடி ஒரு பிளாஸ்க் வாங்கினேன். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பூவரசடியில் இரண்டு கோப்பை வைத்தேன், ஒன்று எனக்கு, ஒன்று நல்லரெத்தினத்துக்கு. பிளாஸ்க் செல்லத்தங்கத்தினுடையதைவிடக் கொஞ்சம் பெரியது. பார்த்துத்தான் வாங்கினேன்.